செல்லாத முகவரிக்குப் போன மெயில்

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். என்ன வேலை, எந்த ஊர், என்ன சம்பளம் என்பதெல்லாம் அப்புறம். "பெர்மனன்டா, கான்ட்ராக்டா?" என்னிடமும் கேட்டார்கள். கான்ட்ராக்ட் என்றேன். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மாள், "பரவால்ல விடுங்க, நாலு வருஷத்துல பெர்மனன்ட் ஆக்கிருவாங்க" என்று ஆறுதல் சொன்னார். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்ப்பவளை யார் எதில் பெர்மனன்ட் ஆக்குவார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் விவரம் கேட்கக் கூடாது.

வேலையின் பெயர் கோட் குவாலிட்டி அனாலிசிஸ். மற்றவர்கள் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்து, இது நீளம், அது குழப்பம், இதை ஏன் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய், இதற்கு ஒரு நல்ல பெயர் வைக்கத் தெரியாதா என்று குறிப்பு எழுதுவது. என் கணவருக்கு நான் இதை அரை மணி நேரம் விளக்கினேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு கேட்டுவிட்டு, "ஓ, மாமியார் வேலை" என்றார். மாதச் சம்பளத்தோடு அந்த வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அந்தச் சமயம் எங்கள் கம்பெனிக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. பண்ருட்டி தாண்டிக் கடலூர் போகிற பக்கம் புதிதாக ஒரு தனியார் மருத்துவமனை கட்டி முடித்திருந்தார்கள். நர்ஸ் முதல் டிரைவர் வரைக்கும் ஆள் எடுக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். அந்த இணையதளத்தை நாங்கள் எழுதினோம். நாங்கள் என்றால் சென்னையில் ஒரு டீம் லீட், பெங்களூரில் ஒரு பையன், நெய்வேலியில் நான். பையன் எழுதுவான், நான் குறை சொல்வேன், டீம் லீட் இரண்டையும் அழகாகப் படம் போட்டு வாடிக்கையாளருக்குக் காட்டுவார்.

எனக்கு முதலில் வந்தது மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கிற பகுதிக்கு எழுதியிருந்த யூனிட் டெஸ்ட்டுகள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிரலில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு, இதைக் கொடுத்தால் இந்தப் பதில் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் யூனிட் டெஸ்ட். அந்தப் பதிலே வந்தால் பச்சை விளக்கு, வராவிட்டால் சிவப்பு. கடைக்காரர் தராசில் எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பது மாதிரிதான். கல் சரியாக இருந்தால் தராசின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இங்கே கல்லின் யோக்கியதையே தெரியவில்லை. ஒரு டெஸ்ட்டின் பெயர் 'மெயில் டெஸ்ட்'. அடுத்தது 'மெயில் டெஸ்ட் புதுசு'. அதற்கடுத்தது 'மெயில் டெஸ்ட் புதுசு கடைசி'. அதற்குப் பிறகும் நாலு இருந்தன. ஒன்று நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, என்ன பதில் வந்தது என்று கேட்காமலே பச்சை காட்டியது. இன்னொன்று உண்மை உண்மைதானா என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வாங்கிக்கொண்டு பச்சை காட்டியது. ஒன்றின் தலையில் 'இதைத் தொட வேண்டாம், ஏனோ வேலை செய்கிறது' என்று குறிப்பு எழுதியிருந்தது. மொத்தத்தில் பலகை முழுக்கப் பச்சை. நிரலின் எல்லா வரிகளையும் டெஸ்ட்டுகள் தொட்டுவிட்டன என்று கருவி சான்று கொடுத்தது. தொட்டுவிட்டுச் சும்மா வந்துவிட்டன என்பதைச் சொல்ல அந்தக் கருவிக்கு வாய் இல்லை.

டீம் லீடுக்கு அந்தப் பச்சை மேல் அபாரப் பிரியம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் படமாக அதைத்தான் போடுவார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். கோவிலில் கற்பூரம் காட்டும்போது மணியை நிறுத்துவார்களே, அந்த அமைதி.

நான் குறைகளை எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு டெஸ்ட்டில் வந்து நின்றுவிட்டேன். அதன் பெயர் 'தப்பான மெயில்'. ஒரு முகவரியைக் கொடுத்து, இது செல்லாது என்று பதில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. வந்தது, பச்சை. அந்த முகவரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. முதலில் ஒரு பிளாக் எண், பிறகு ஒரு தெருவின் பெயர், கடைசியில் ஒரு வீட்டு எண், அதற்கப்புறம் எல்லாருக்கும் இருக்கிற வால். அசல் எங்கள் ஊர் முகவரி.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெயின் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மெயில் முகவரி உண்டாக்கிக் கொடுத்தவர் அதன் உரிமையாளர்தான். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. பெயரை வைத்து மெயில் திறந்தால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆயிரம் பேர் இருப்பார்கள், பின்னால் ஏதாவது எண்ணைச் சேர்க்கச் சொல்லும், அந்த எண்ணை ஜனங்கள் மறந்துபோவார்கள், மறுபடி அவரிடமே வந்து நிற்பார்கள். "குவார்ட்டர்ஸ் நம்பர எவன் மறப்பான்?" என்பார். அதனால் யார் போனாலும் பிளாக், தெரு, வீடு. கட்டிக்கொண்ட பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்தவர்கள்கூடத் தங்கள் மெயிலை மறந்ததில்லை. எனக்கும் காலேஜ் விண்ணப்பத்துக்காக அவர் திறந்து கொடுத்ததுதான் முதல் மெயில்.

பெங்களூர்ப் பையனுக்கு போன் போட்டேன். அவனும் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன்தான். அதனாலேயே என்னை அக்கா என்பான்.

"இந்த மெயில்ல என்னப்பா தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லக்கா. மொதல்ல சரியான மெயிலுன்னுதான் எழுதினேன். சிவப்பு வந்துச்சு. நம்பர்ல ஆரம்பிச்சா நம்ம கோட் ஏத்துக்க மாட்டேங்குது போல. அன்னிக்கி டெமோ. அதான் தப்பான மெயிலுன்னு மாத்திட்டேன். பச்சையாயிடுச்சு."

"கோட மாத்தாம டெஸ்ட்ட மாத்தினியா?"

"கோட மாத்தினா வேற எதாச்சும் சிவப்பாகும்க்கா."

காய்ச்சல்காரனை விட்டுவிட்டு தெர்மாமீட்டருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறான். அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. முகவரி செல்லாது என்று முடிவானதும் நிரல் என்ன செய்கிறது என்று பார்த்தேன். 'நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரி செல்லாது, உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்று ஒரு மெயில் எழுதி அனுப்புகிறது. எந்த முகவரிக்கு என்றால், செல்லாத அந்த முகவரிக்கே.

இதை யோசித்து எழுதியவனை, சரிபார்த்தவரை, ஒப்புதல் கொடுத்தவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இல்லாத வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, இந்த வீடு இல்லை என்று சொல்லிவிட்டு வருகிற ஏற்பாடு. அதைவிட மோசம், யூனிட் டெஸ்ட் என்றால் அது நிஜ மெயில் எதையும் அனுப்பக் கூடாது, அனுப்புவது போல் பாவனைதான் செய்ய வேண்டும். இவன் பாவனையை எழுதாமல் விட்டிருந்தான். கம்பெனியில் யார் எந்த வரியை மாற்றிச் சேமித்தாலும் டெஸ்ட்டுகள் ஓடும். ஓடுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நிஜ மெயில் போகும். மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

"இந்த அட்ரஸ் யாருது?" என்று கேட்டேன்.

"யாருதும் இல்லக்கா. சும்மா நம்ம ஊரு ஸ்டைல்ல போட்டேன். எங்க பழைய பிளாக், எங்க தெரு. வீட்டு நம்பர் மட்டும் மனசுல தோணினது."

வேறு எந்த ஊரிலாவது மனதில் தோன்றியபடி ஒரு முகவரி எழுதினால் அது யாருடையதாகவும் இருக்காது. இது அளந்து கட்டிய ஊர். பிளாக் இருந்தால் தெரு இருக்கும், தெரு இருந்தால் வீடு இருக்கும், வீடு இருந்தால் அதில் ஒரு குடும்பம் இருக்கும், அந்தக் குடும்பத்துக்கு பிரவுசிங் சென்டர்காரர் ஒரு மெயில் திறந்து கொடுத்திருப்பார். நெய்வேலியில் பொய் முகவரி எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். இருந்தவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். "அது எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. ரிட்டயர் ஆகி வடக்குத்துல வூடு கட்டிக்கினு போயிட்டாங்க" என்று அந்த வீட்டம்மாள் வழி சொன்னார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். வீட்டு எண் குவார்ட்டர்ஸோடு இருந்துவிடும், மெயில் மட்டும் ஆளோடு கூடவே போகும்.

வடக்குத்தில் எனக்குக் கதவைத் திறந்தவர் அந்த ரிட்டயர்ட் ஊழியரின் மருமகள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். மெயில் விஷயம் என்று நான் ஆரம்பித்ததுமே முகம் மாறிவிட்டது. "ஆஸ்பத்திரிலேருந்து வரீங்களா?" என்று கேட்டார்.

அவர் நர்ஸ். திருவதிகையில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே ஊசி போடுவதும் அவர்தான், டோக்கன் கொடுப்பதும் அவர்தான், டாக்டருக்கு டீ வாங்கி வருவதும் அவர்தான். புது மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு வயது வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வருடத்தோடு அவருக்கு அது முடிகிறது. "இத வுட்டா இனிமே ஆஸ்பத்திரி வேல எனக்கு இல்லிங்க. பேஷன்ட்டாத்தான் போவணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தற்செயலாக அவர் விண்ணப்பித்ததும் நாங்கள் எழுதிய அதே தளத்தில்தான். முகவரி செல்லாது என்று ஒரு நிஜ நிராகரிப்பு வந்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் டெஸ்ட் அனுப்பியவை.

போனைத் திறந்து காட்டினார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தை எப்படி அழிப்பது என்று வைத்திருந்தார்.

"ஒரு தடவ சொன்னா போதாதுங்களா?" என்றார். "நான் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே வர ஆரம்பிச்சிடுச்சுங்க. அப்பவே வாணாம்னு சொல்லிட்டாங்க, நாமதான் புரிஞ்சிக்காம போட்டுட்டமோன்னு எங்க மாமனாரு சொல்றாரு."

வேறு மெயில் கொடுத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்திருக்கிறார். நர்ஸ் பதிவு எண் பழைய விண்ணப்பத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, ஒரு எண்ணுக்கு ஒரு விண்ணப்பம்தான் என்று தளம் சொல்லிவிட்டது. புகார் எழுதலாம் என்று உதவிப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். புகார் எழுத மெயில் முகவரி கேட்டிருக்கிறது. கொடுத்தால், செல்லாது என்றிருக்கிறது. நேரிலேயே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். வாசலில் இருந்த செக்யூரிட்டி, எல்லாமே ஆன்லைன் என்று வானத்தைக் காட்டியிருக்கிறார்.

இது எங்கள் பக்கத்துத் தப்பு, உங்கள் முகவரியில் ஒரு குறையும் இல்லை, கடைசித் தேதிக்குள் சரி செய்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பலாச்சுளை கொடுத்து அனுப்பினார்.

டீம் லீடிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட செய்தியைப் பொறுமையாகக் கேட்பதற்கு அவர் பயிற்சி எடுத்தவர்.

"நல்ல அப்சர்வேஷன் மேம். ஆனா உங்க ஸ்கோப் கோட் குவாலிட்டி. கோட் வேலை செய்யுதா இல்லையாங்கறது ஃபங்ஷனல் டீம் பாக்கணும்."

"ஃபங்ஷனல் டீம்ல யார் இருக்காங்க?"

"அது இன்னும் ஃபார்ம் பண்ணல."

"அந்த டீம் வர வரைக்கும் இந்த ஊர்ல பாதிப் பேர் அப்ளை பண்ண முடியாது சார். எல்லார் மெயிலும் நம்பர்லதான் ஆரம்பிக்கும்."

"நம்பர்ல ஏன் ஆரம்பிக்கறாங்க?" என்று கேட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். பேரும் ஊருமாக அழகாக மெயில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்களை நினைத்து அவருக்குக் கவலை.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். என் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், அவருக்கு அன்று தெரிந்தது. இதைச் சரி செய்யாமல் என் தர அறிக்கையில் கையெழுத்து வராது என்றேன். வாடிக்கையாளர் பார்வையிட வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையெழுத்து இல்லாவிட்டால் பச்சைப் படத்துக்குக் கீழே ஒரு இடம் காலியாக இருக்கும். "பண்ணிடலாம் மேம்" என்றார்.

மறுநாள் காலையில் 'சரி செய்யப்பட்டது' என்று தகவல் வந்தது. ஆசையோடு திறந்து பார்த்தேன். எண்ணில் ஆரம்பித்தால் செல்லாது என்ற விதி அப்படியே இருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி. வந்த முகவரி அந்த நர்ஸின் முகவரியாக இருந்தால் மட்டும் செல்லும் என்று சொல், மற்றதற்கெல்லாம் பழையபடி. 'தப்பான மெயில்' என்ற டெஸ்ட்டின் பெயரை 'சரியான மெயில்' என்று மாற்றி, எதிர்பார்க்கும் பதிலையும் மாற்றியிருந்தார்கள். நிஜ மெயில் போவதையும் நிறுத்தியிருந்தார்கள். பச்சை.

இத்தனை வருடத்தில் எத்தனையோ மட்டமான நிரலைப் பார்த்திருக்கிறேன். ஒரு தனி மனுஷியின் மெயில் முகவரிக்காக ஒரு வரி எழுதி, அதைத் திருத்தம் என்று பெயரிட்டு அனுப்பியதை அதுவரை பார்த்ததில்லை. மறுபடி போன் செய்தேன். "மீதி எல்லாம் ஃபேஸ் டூல மேம். இப்ப அந்த லேடி பிரச்சினை தீருதில்ல?" என்றார். தீர்ந்தது, அதுதான் சங்கடம். கடைசித் தேதி பக்கத்தில் வந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் சேர்த்துப் போய்விடும். மற்றவர்களுக்கான திருத்தம் பாக்கி என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தடித்த எழுத்தைப் படித்தவர் யாரும் இருப்பதாக இன்றுவரை தெரியவில்லை.

வடக்குத்துக்குப் போய்ச் சொன்னேன். என் முன்னாலேயே போனில் விண்ணப்பத்தை முடித்தார். 'உங்கள் மின்னஞ்சல் முகவரி சரிபார்க்கப்பட்டது' என்று மெயில் வந்தது. அதை மாமனாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அப்புறம் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடமும் படித்துக் காட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன், கொள்ளை சந்தோஷம். வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன்.

கடைசித் தேதி முடிந்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்புகள் போக ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன்.

"எனக்கு மெயில் வந்திருக்குதுங்க. ஆனா டிரைவர் வேலைக்கு வரச் சொல்றாங்க."

"டிரைவருக்கா? யார் பேர்ல வந்திருக்கு?"

"எங்க பின்னாடி தெரு அண்ணன் பேருலங்க. அவருது வந்துடுச்சு, என்னுது இனிமேதான் வருங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அண்ணன் பெயரில் உங்களுக்கு ஏன் மெயில் வருகிறது என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவருக்கு மெயில் ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கிறது. தெருவில் இன்னும் சிலர் அதே மருத்துவமனைக்கு முயற்சி செய்து, செல்லாது என்று திரும்பியவர்கள். பிரவுசிங் சென்டர்காரர் புது மெயில் திறந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். அவர் பழக்கப்படி எண்ணை முன்னால் போட்டே திறந்திருக்கிறார், அதுவும் திரும்பியது. ஊரிலேயே செல்லும் என்று நிச்சயமாகத் தெரிந்த மெயில் ஒன்றே ஒன்றுதான். சமையல் வேலைக்கு ஒரு அம்மாள், வார்டு வேலைக்கு ஒருவர், கடைசியாக டிரைவர் வேலைக்கு அந்த அண்ணன் என்று வரிசையாக வந்து கேட்டிருக்கிறார்கள். இவரும் கொடுத்திருக்கிறார். மெயில் வந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு.

போனை வைத்துவிட்டுப் பெங்களூர்ப் பையனைப் பிடித்தேன். அவன் தேடிப் பார்த்துவிட்டு, "அந்த மெயில்ல ஒரே ஒரு அப்ளிகேஷன்தான்க்கா இருக்கு, டிரைவர்" என்றான். ஒரு மெயிலுக்கு ஒரு ஆள். அதே மெயிலில் இன்னொரு விண்ணப்பம் வந்தால் பழையதைத் திருத்துகிறார்கள் என்று தளம் எடுத்துக்கொள்ளும், பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். நர்ஸ் மேல் சமையல் அம்மாள், அவர் மேல் வார்டுக்காரர், எல்லார் மேலும் டிரைவர்.

"இதுக்கு டெஸ்ட் இல்லையா?"

"இருக்குக்கா. கரெக்டா வேலை செய்யுது. பச்சை."

திறந்து பார்த்தேன். கச்சிதமான டெஸ்ட். பெயரைப் படித்தாலே என்ன செய்கிறது என்று தெரிந்தது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் சோதித்தது. தேவையில்லாத வரி ஒன்றுகூட இல்லை. பின்னால் வரும் விண்ணப்பம் முன்னால் வந்ததை அழிக்க வேண்டும், அழித்தது, பச்சை. அந்தக் கோப்பிலேயே ஒழுங்காக எழுதியது இது ஒன்றுதான், மற்றவற்றுக்கு இதை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று கீழே குறிப்பு இருந்தது. குறிப்பை எழுதியவள் நான்.

டீம் லீட், நாலு பேர் ஒரே மெயிலைப் போட்டால் அது பயனாளர் தவறு என்றார். மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். பேசிய பெண் நல்ல மாதிரி. ஆனால் அவர் முன்னால் இருந்த திரையில் அப்படி ஒரு நர்ஸ் விண்ணப்பித்ததற்கு அடையாளமே இல்லை. இல்லாத விண்ணப்பத்தை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். நர்ஸ் பதவிக்கு எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்றும் சொன்னார். அந்த வாரமே கம்பெனியில் வாடிக்கையாளர் ஒப்புதல் கிடைத்ததற்காக வீடியோவில் கேக் வெட்டினார்கள். பின்னால் பச்சைப் படம். நான் கேமராவை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. வடக்குத்துக்குப் போனேன். மறுபடி மறுபடி வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்று கேட்டார்.

"அப்ப நான் குடுத்ததாலதாங்களா போச்சு?"

இல்லை என்றேன். நாங்கள் விதியைத் திருத்தியிருந்தால் யாரும் உங்களிடம் வந்து மெயில் கேட்டிருக்கவே மாட்டார்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"அவங்கல்லாம் செல்லாதுன்னு வந்துடுச்சுன்னு அழுதாங்க. நானும் அப்படி அழுதவதான். என்னுது மட்டும் செல்லுதுன்னு நான் எப்படிங்க பொத்தி வச்சிக்கினு இருக்கறது?"

யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன். கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. சொல்லியிருந்தாலும் அவர் கொடுத்திருப்பார். அந்த ஒரு வரியை எழுதியவர்களுக்கும் அதற்குக் கையெழுத்துப் போட்ட எனக்கும், தெரு என்றால் என்ன என்று தெரியாமல் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் அழாதபோது நான் அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

டிரைவர் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. சொல்லியிருந்தபடி அவர் வீட்டுக்குப் போய் மெயிலைப் படித்துக் காட்டியவர் இவர்தான்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் திருவதிகையில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக வடக்குத்து நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சாதாரணமாகச் சிரித்தார். பஸ் வருவதற்குள் ஒரு வெள்ளை வேன் வந்து எங்கள் முன்னால் நின்றது. பக்கவாட்டில் மருத்துவமனையின் பெயர். டவுன்ஷிப்பிலிருந்து நர்ஸ்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன்.

"அண்ணன் வண்டிதாங்க. தெனமும் இதுலதான் போறேன். நீங்களும் ஏறுங்க, எடம் இருக்குது" என்றார்.

ஏறினோம். சீருடையில் இருந்த பெண்கள் நகர்ந்து அவருக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள். அது அவருடைய வழக்கமான இடம் போலிருந்தது. எல்லாரும் முந்தைய நாள் வார்டில் நடந்த எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஊசி போடும்போது நரம்பு கிடைக்காத ஒரு கிழவரைப் பற்றிச் சொல்ல, இவர் கையை எப்படிப் பிடித்துத் தட்ட வேண்டும் என்று தன் கையையே நீட்டிக் காட்டினார். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல் சாலையையே பார்த்து ஓட்டினார்.

திருவதிகையில் வேன் நின்றது. நானும் அவரும் இறங்கினோம். கதவைச் சாத்திக்கொண்டு வேன் மற்றவர்களோடு மருத்துவமனைக்குப் போனது. அவர் சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு, கிளினிக்கைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தார்.